ராத்தா வளவில் டிஸ்கோ

போன வருஷம் நோன்புப் பெருநாள் முடிந்து, சிறுபோக விதைப்புக்காக ஊர் ஆண்கள் வயலுக்கும் வீட்டுக்குமாக அலைந்துகொண்டிருந்த நாட்களில் நடந்தது இது. இடம், கல்முனைக்குப் பக்கத்தில் எங்கள் ஊரில், என் ராத்தாவின் வீட்டு வளவு. சொல்லத் தொடங்கும்போதே எனக்குக் கோபம் வருகிறது. கோபம் ஆறட்டும், பிறகு எழுதுவோம் என்று இவ்வளவு காலமும் பார்த்திருந்தேன். ஆறுகிற மாதிரித் தெரியவில்லை. அதனால் கோபத்தோடேயே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராத்தா என்றால் என் கூடப்பிறந்த அக்கா. பாடசாலையில் கணக்குப் படிப்பிக்கிறவர். அவருக்கு மார்பில் புற்றுநோய் என்று தெரிந்த நாளிலிருந்து கொழும்புக்கும் ஊருக்குமாக அலைந்தோம். ஆஸ்பத்திரி வார்ட்டில் கூட இருந்தது நான்தான். கடைசியில் ஒரு வழியாக, மருந்து முடிந்துவிட்டது, இனி இடைக்கிடை வந்து காட்டினால் போதும் என்று டொக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கு பஸ்ஸில் ஊர் வந்து சேரும் வரைக்கும் நாங்கள் இரண்டு பேரும் காரணமில்லாமல் சிரித்துக்கொண்டே வந்தோம்.

நோயாளியைப் போய்ப் பார்ப்பது நல்ல காரியம். மார்க்கமும் அதைத்தான் சொல்கிறது. அதில் எனக்கு மறுபேச்சு இல்லை. ஆனால் எங்கள் ஊரார் பார்க்க வந்த விதம் இருக்கிறதே! கையில் ஒரு மோல்ட் டின், ஒரு பை தோடம்பழம், முகத்தில் மையத்து வீட்டுச் சாவுக் களை. கட்டிலுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, ராத்தாவின் மொட்டைத் தலையை ஒருதரம் பார்த்து மூக்கைச் சிந்துவார்கள். பிறகு தங்களுக்குத் தெரிந்த யாரோ ஒருத்திக்கு இதே நோய் வந்து அவள் மௌத்தாய்ப் போன கதையை ஆதியோடந்தமாகச் சொல்லி முடிப்பார்கள். அவர்களைத் தேற்றி, தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவைப்பது நோயாளியின் பொறுப்பு. பின் வளவு ஹாஜியாரின் மனைவி ஒரு நாளும் தவறியதில்லை. வரும்போதும் அழுவார், போகும்போதும் அழுவார். அவர் போன பிறகு தலையணை உறையை மாற்ற வேண்டியிருக்கும் என்று ராத்தா பகிடி பண்ணுவார். பகிடிதான். ஆனால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்வார்.

டிஸ்கோ வந்தது அந்தக் கொழும்பு வார்ட்டிலிருந்துதான். அங்கே சுவரில் ஒரு டீவி இருந்தது. ஒரு நாள் அதில் பழைய காலத்து மேடை நிகழ்ச்சி ஒன்று போனது. கால் பக்கம் அகன்ற மினுமினுப்புக் காற்சட்டை, பந்து மாதிரிச் சுருட்டை முடி, கூரையில் கண்ணாடித் துண்டுகள் ஒட்டிய உருண்டை ஒன்று சுழல்கிறது. கையில் ஊசி ஏறிக்கொண்டிருக்கும்போது ராத்தா அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சொன்னார்: "நான் பிழைச்சி ஊருக்கு வந்தா எங்கட வளவுல இப்படி ஒண்டு வைக்கணும்கா. என்னப் பாத்து ஒருத்தரும் அழாத ஒரு அசர் நேரம் எனக்கு வேணும்."

மருந்து மயக்கத்தில் கதைக்கிறார் என்று நினைத்தேன். மயக்கமில்லை. ஊர் வந்து, சுகமானதற்காகக் குர்ஆன் கத்தம் ஓதி, ஊருக்குச் சோறு கொடுத்து முடிந்த அடுத்த நாள் ராத்தா என்னைக் கூப்பிட்டு, சரி, இனி டிஸ்கோவுக்கு என்ன வழி என்று கேட்டார். கத்தத்துக்கு ஊரே வந்திருந்தது என்பதையும் இங்கே சொல்லிவைக்கிறேன். கூடிச் சாப்பிடும் சஹன் தட்டு வைக்க இடம் போதாமல் அடுத்த வீட்டு விறாந்தையையும் எடுத்தோம்.

திட்டம் ரொம்பச் சாதாரணமானது. பெண்கள் மட்டும். பின்னேரம் அசர் தொழுதுவிட்டு வருவது, பொழுதுபட்டு மஃரிபுக்கு பாங்கு சொல்ல முன் கலைவது. மூன்று பக்கமும் உயர்ந்த மதில், முன்னால் மூடிய கேற், பின் மதிலில் அக்கம்பக்கத்துப் பெண்கள் போய்வர ஒரு சின்னக் கதவு. வெளியிலிருந்து ஒரு கண்ணும் எட்டாது. எல்லாரும் எண்பதுகளின் கோலத்தில் வர வேண்டும். ராத்தா பழைய ஜரிகைச் சாரி ஒன்றை வெட்டி அகலக்கால் காற்சட்டை தைப்பித்தார். நான் கேக் செய்து விற்கிறவள், பழைய பாட்டுத் தட்டு மாதிரியே கறுப்பாக ஒரு கேக் போடுவதாக ஏற்றுக்கொண்டேன். கண்ணாடி உருண்டைக்கு எங்கே போவது? வெள்ளைக்காரர்கள் வந்து தங்கும் அறுகம்பேயில் ஒரு விடுதியில் சமையல் வேலை செய்யும் எங்கள் சாச்சி மகன், அங்கே சாமான் அறையில் கிடந்த ஒன்றைக் கேட்டு வாங்கி, துவாயில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்து தந்தான். மாமரக் கிளையில் கட்டினோம்.

விக் ஒன்றும் வந்தது. முந்தி யாரோ ராத்தாவுக்கு அடக்கமான நேர் முடியில் ஒரு விக் வாங்கித் தந்திருந்தார்கள். அதை ராத்தா தொட்டும் பார்க்கவில்லை. இப்போது கொழும்பிலிருந்து எடுப்பித்தது தேன்கூடு மாதிரி ஊதிப்போன சுருட்டை. நான் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தேன். ராத்தா கண்ணாடி முன்னால் நின்று அதைத் தட்டிச் சரிசெய்துகொண்டே, "பொய் முடி போடுறண்டா பொய்யெண்டு தெரியிற மாதிரிப் போடணும்" என்றார். இவ்வளவு காலத்தில் அவர் கண்ணாடி பார்த்து நான் கண்டது அன்றைக்குத்தான்.

அழைப்பை ராத்தாவே குரலில் பேசி, உருண்டை அறுகம்பேயிலிருந்து வந்த கதையையும் சேர்த்து, பெண்களின் வட்ஸ்அப் குழுவில் போட்டார். அங்கேதான் பிழை வந்தது. டிஸ்கோ என்ற ஒரு சொல், அறுகம்பே என்ற ஒரு சொல். இரண்டும் பெண்களின் போனிலிருந்து கணவன்மாரின் காதுக்குப் போய், அங்கிருந்து தேத்தண்ணிக் கடைக்குப் போய், திரும்பி எங்கள் வாசலுக்கு வந்தபோது கதையே மாறியிருந்தது. எனக்கு முதலில் சொன்னவர் மீன்காரர். பாரைக்குட்டியை நிறுத்துக்கொண்டே, "அறுகம்பேயில இரிந்து வெள்ளைக்காரனுகள் வந்து டீச்சர்ட வளவுல டிஸ்கோ ஆடுறானுகளாமே, மெய்யா?" என்று கேட்டார். சிரிப்பதா, மீனைத் தூக்கி எறிவதா என்று தெரியவில்லை. வெள்ளைக்காரனுமில்லை, கறுப்பனுமில்லை, எங்கள் ஊர்ப் பெண்கள்தான் என்று சொல்லி அனுப்பினேன். ஒரு ஆளுக்குச் சொல்லலாம், ஊருக்கு எப்படிச் சொல்வது?

அடுத்த நாள்தான் விருந்து. பாட்டுப் பெட்டி வாடகைக்குத் தருகிறவருக்கு நேரத்தை நினைவுபடுத்த போன் எடுத்தால், அவர் தயங்கித் தயங்கி, உங்கள் மச்சான் வேண்டாம் என்று சொல்லிவிட்டாரே என்கிறார். பெட்டிஸ், ரோல்ஸ் செய்து தரும் பெண்ணுக்கு அடித்தேன். அவளுக்கும் மச்சானே சொல்லியிருந்தார்.

மச்சான் என்றால் ராத்தாவின் கணவர். சாகாமப் பக்கம் வயல் செய்கிறவர். கெட்ட மனுஷனில்லை. கொழும்பு ஆஸ்பத்திரி வாசலில் இரவிரவாக நுளம்புக்கடியில் கிடந்தவர்தான். அதனாலேயே எனக்கு இரண்டு மடங்கு பற்றிக்கொண்டு வந்தது. விறாந்தையில் இருந்தவரிடம் நேரே போய், ஏன் இப்படிச் செய்தீர்கள் என்று கேட்டேன். அவர் நிமிர்ந்து பார்க்காமலே, "நான் என்ன செய்யிற புள்ள? ஹாஜியார் கூப்பிட்டுச் சொல்றார். நான் நாளைக்கும் ஊருக்குள்ள முகம் காட்டணுமே" என்றார். ஹாஜியார் என்பது பின் வளவில் இருக்கும் அதே ஹாஜியார்தான். நெல் ஆலை வைத்திருக்கிறார். மச்சானின் நெல்லெல்லாம் அங்கேதான் போகிறது.

எனக்கு வாயில் வந்ததையெல்லாம் சொன்னேன். இத்தனை நாள் சாகக் கிடந்தவள் உங்கள் மனைவி, ஹாஜியாரில்லை என்றேன். அவளிடம் ஒரு வார்த்தை கேட்டீர்களா என்றேன். மச்சான் இடுப்புச் சாரனைச் சரிசெய்துகொண்டு எழுந்து போய்விட்டார். திரும்பிப் பார்த்தால் கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு ராத்தா நிற்கிறார். எல்லாவற்றையும் கேட்டிருக்கிறார். உள்ளே போய், தைத்து வந்த காற்சட்டையை மடித்து அலுமாரிக்குள் வைத்தார். அந்த மடிப்பைப் பார்த்தபோது எனக்கு ஊரையே கொளுத்த வேண்டும் போலிருந்தது.

ஆனால் விடியக்காலை சுபஹ் தொழுதுவிட்டு ராத்தாவே என்னை எழுப்பினார். பாட்டுக்கு உன் மகளின் சின்ன ஸ்பீக்கர் போதும், பெட்டிஸுக்கு மாவைக் குழை என்றார். காற்சட்டை மறுபடியும் வெளியே வந்து கொடியில் தொங்கியது. பகல் முழுக்க அடுப்படியில் நின்று பொரித்தோம். காரைதீவிலிருந்து ராத்தாவோடு படிப்பிக்கும் தமிழ் இந்து டீச்சர் ஒருவர் நேரத்தோடேயே வந்து உருளைக்கிழங்கு மசித்தார். அவர் உடுத்திருந்த வெள்ளிச் சாரியில் மசித்த கிழங்கு ஒட்டிக்கொண்டது. அவர் கணக்கெடுக்கவில்லை.

நடுப்பகல் லுஹர் தொழுகை முடிந்து கொஞ்ச நேரத்தில் கேற்றில் மோட்டார் சைக்கிள் சத்தம். ஹாஜியாரும் இன்னும் இரண்டு பேரும். வாடகைக் கதிரைகள் இறக்கியதை யாரோ பார்த்துச் சொல்லியிருக்க வேண்டும். கேற்றுக்கு வெளியே நின்று ஹாஜியார் குரல் கொடுத்தார்.

"ஊட்டுக்காரர் இரிக்காரா?"

எங்கள் பேச்சில் ஊடு என்றால் வீடு. எங்கள் பக்கத்தில் கலியாணத்துக்கு வீடும் வளவும் பெண்ணுக்குத்தான் எழுதுவார்கள். மாப்பிள்ளை உடுபுடவையோடு வந்து குடியேறுகிறவர். அந்த வளவில் மண் போட்டு நிரப்பியது எங்கள் வாப்பா, மதில் கட்டியது ராத்தாவின் சம்பளம். இவ்வளவும் ஊருக்கே தெரியும். தெரிந்துகொண்டும் வாசலுக்கு வருகிற எவரும் ஊட்டுக்காரர் என்று தேடுவது வந்து குடியேறியவரைத்தான். நானும் பிறந்ததிலிருந்து அப்படித்தான் கேட்டு வளர்ந்தேன். ஒரு நாளும் அதில் ஒரு பிழை இருப்பதாகத் தோன்றியதில்லை.

மச்சான் உள்ளேதான் இருந்தார். கதிரையிலிருந்து அரைவாசி எழும்பினார். அதற்குள் ராத்தா தலையில் முந்தானையைப் போட்டுக்கொண்டு அவரைக் கடந்து போய் கேற்றைத் திறந்தார். நான் பின்னால் ஓடினேன். கையில் மாவுக் கரண்டி இருந்தது. அடிக்கத்தான் எடுத்துப் போனேன் என்று காரைதீவு டீச்சர் இன்றைக்கும் சொல்வார், நான் மறுப்பதில்லை.

"ஊட்டுக்காரி நான்தான். சொல்லுங்க" என்றார் ராத்தா.

ஹாஜியார் அதை எதிர்பார்க்கவில்லை. தொண்டையைக் கனைத்தார். நோயிலிருந்து எழும்பினவர்கள் தொழுகையும் இபாதத்துமாக இருப்பதுதான் அழகு, இந்த ஆட்டமெல்லாம் எங்கள் ஊருக்குத் தோதில்லை, வெளியார் வேறு வருகிறார்களாம் என்று இழுத்தார். கூட வந்த ஒருவர் கழுத்தை நீட்டி வளவுக்குள் பார்த்து, அறுகம்பே ஆட்கள் வந்துவிட்டார்களா என்று கேட்டார். ராத்தா மாமரத்தைக் காட்டி, "அந்தா தொங்கிறார், பாருங்க" என்றார். அந்த மனிதர் மெய்யாகவே பார்த்தார். உருண்டை வெயிலில் மெல்லச் சுழன்றுகொண்டிருந்தது.

பிறகு ராத்தா குரலை உயர்த்தாமல் கேட்டார்: "ஹாஜியார், நான் படுத்துக் கிடக்கக்க பள்ளிவாசல்ல எனக்காக துஆக் கேட்டீங்க. அல்லாஹ் உங்களுக்குக் கூலி தரட்டும். எனக்கு ஆயுசக் கேட்டீங்களா, மௌத்தக் கேட்டீங்களா?"

"என்ன மகள் இப்படிக் கேக்கிறீங்க? ஆயுசத்தான் கேட்டம்."

"ஓம். அல்லாஹ் தந்திட்டான். தந்தத சந்தோசமா வெச்சிரிக்கத்தான் இண்டைக்கு நாலு பொம்புளையளக் கூப்பிட்டிரிக்கன். மஃரிபுக்கு முன்ன முடிஞ்சிரும். போய்ட்டு வாங்க."

கேற்றைச் சாத்திவிட்டு ராத்தா திரும்பினார். நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டேன். மச்சான் நடையில் நின்றார். பிறகு ஒரு பிளாஸ்டிக் கதிரையைத் தூக்கிக்கொண்டு போய் கேற்றுக்கு வெளியே போட்டு உட்கார்ந்தார். கடைசி வரைக்கும் அங்கேயே இருந்தார். எங்களுக்குக் காவல் இருந்தாரா, இந்தக் கூத்தில் எனக்குப் பங்கில்லை என்று ஊருக்குக் காட்ட இருந்தாரா, எனக்கு இன்றுவரை தெரியாது. ராத்தா காவல் என்கிறார். நான் ராத்தா இல்லை.

அசர் முடிந்தது. வந்தவர்கள் வந்தார்கள், வராதவர்களின் செய்திகள்தான் அதிகம் வந்தன. மகனுக்குக் காய்ச்சலாம். தண்ணி மோட்டர் பழுதாம். இவர் வேண்டாமென்கிறாராம், குறை நினைக்க வேண்டாமாம். ராத்தாவின் கட்டிலோரம் கதிரை பிடிக்கப் போட்டிபோட்டவர்கள் இவர்கள். வளவில் போட்ட கதிரைகளில் பாதிக்கு மேல் ஆளில்லாமல் கிடந்தன. ராத்தா சுருட்டை விக்கும் மினுமினுப்புக் காற்சட்டையுமாக நின்று, கேற்றையே பார்க்காத மாதிரிப் பார்த்துக்கொண்டிருந்தார். கத்தத்துக்கு வந்து விரல் சூப்பச் சாப்பிட்டவர்களின் முகங்களெல்லாம் ஒவ்வொன்றாகக் கண்ணுக்குள் வந்தன.

அப்போது பின் மதில் கதவு திறந்தது. கறுப்பு அபாயாவோடு ஹாஜியாரின் மனைவி. எனக்குத் தலைக்கேறிவிட்டது. நேரே போய்க் கதவை மறித்து, உங்கள் ஆள் செய்த வேலை தெரியுமா என்று கேட்டேன். அவர் பதில் சொல்லாமல் அபாயாவின் மேல் பொத்தானைக் கழற்றிக் காட்டினார். உள்ளே பச்சையில் தங்கப் பொட்டுப் போட்ட சட்டை, அவருடைய கலியாண காலத்து உடுப்பாக இருக்க வேண்டும், பக்கத் தையலைப் பிரித்து விட்டிருந்தார். "அவர் படுத்துத் தூங்குறார். என்ன உள்ளுக்கு விடுகா" என்றார். ராத்தா தூரத்திலிருந்தே, விடு, வரட்டும் என்றார். விட்டேன், மனமில்லாமல்.

ஸ்பீக்கரில் பழைய ஆங்கிலப் பாட்டு ஒன்று தொடங்கியது. பகல் வெளிச்சத்தில் டிஸ்கோவா என்று நாங்கள் பயந்திருந்தோம். ஆனால் சரிந்த வெயில் அந்த உருண்டையில் பட்டு, மதிலெங்கும், கிணற்றுக் கட்டெங்கும், எங்கள் முகங்களிலும் வெளிச்சப் பொட்டுகளை அள்ளி இறைத்தது. கடற்காற்று வேறு அதைச் சுழற்றிக்கொண்டேயிருந்தது. முதலில் கூச்சம். பிறகு யாரோ பைலாப் பாட்டுப் போட்டார்கள், கூச்சம் போன இடம் தெரியவில்லை. ஹாஜியாரின் மனைவி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு ஆடிய ஆட்டத்தை நான் எழுதினால் நம்பமாட்டீர்கள்.

ஆட்டம் உச்சத்தில் இருக்கும்போது அது நடந்தது. ராத்தா ஒரு சுற்றுச் சுற்றினார், விக் கழன்று பறந்து மணலில் விழுந்தது. பூனை மயிர் மாதிரி அப்போதுதான் முளைக்கத் தொடங்கியிருந்த தலை எல்லார் முன்னாலும் வெளிப்பட்டது. பாட்டு ஓடிக்கொண்டிருக்கிறது, ஆட்கள் நின்றுவிட்டார்கள். ஹாஜியாரின் மனைவியின் கீழ் உதடு துடிக்கத் தொடங்குவதைக் கண்டேன். அழப் போகிறார். ஒருவர் அழுதால் எல்லாரும் அழுவார்கள், ராத்தா மறுபடியும் நோயாளியாகிவிடுவார், எல்லாம் முடிந்தது என்று நினைத்தேன். ராத்தா அசையாமல் நின்றார். அவர் கண்ணில் ஒரு கெஞ்சல் இருந்தது. அதை நான் வார்ட்டில் கூடக் கண்டதில்லை.

காரைதீவு டீச்சர்தான் குனிந்து விக்கை எடுத்தார். மணலைத் தட்டினார். தன் கொண்டைக்கு மேலேயே அதைக் கவிழ்த்துக்கொண்டு விட்ட இடத்திலிருந்து ஆடத் தொடங்கினார். ஒரு விநாடிதான். பிறகு ஹாஜியாரின் மனைவி துடித்த உதட்டோடேயே வெடித்துச் சிரித்து, எட்டி அதைப் பறித்துத் தன் தலையில் போட்டுக்கொண்டார். அங்கிருந்து என் தலைக்கு, என்னிடமிருந்து அடுத்தவளுக்கு. விக் தலை தலையாகச் சுற்றியது. ராத்தா நடுவில் வெறுந்தலையோடு ஆடினார். அந்தத் தலையிலும் வெளிச்சப் பொட்டுகள் ஓடின. ஒருவரும் அழவில்லை.

மஃரிபுக்கு பாங்கு சொல்ல முன்னமே பாட்டை நிறுத்தினோம். கைகால் கழுவிக்கொண்டு, மினுமினுப்பு உடுப்புகளுக்கு மேலே தொழுகைப் புடவையைப் போட்டு, வீட்டுக்குள் சாலைக் கூடத்தில் வரிசையாக நின்று தொழுதோம். டீச்சர் வெளியே இருந்து கோப்பைகளைக் கழுவினார். ஹாஜியாரின் மனைவி பின் கதவால் போகும்போது அழவில்லை. அவர் அழாமல் எங்கள் வளவை விட்டுப் போனது அதுதான் முதல்தரம்.

ராத்தா இப்போது சுகமாக இருக்கிறார், அல்ஹம்துலில்லாஹ். முடி வளர்ந்துவிட்டது, பாடசாலைக்குப் போகிறார். அன்றைக்கு வராதவர்கள் பிறகு ஒவ்வொருவராக வந்து, எப்படி நடந்தது, போட்டோ இருந்தால் காட்டுங்களேன் என்றார்கள். ராத்தா சிரித்துக்கொண்டே காட்டினார். மச்சானோடும் ஒரு குறையுமில்லாமல் இருக்கிறார். எல்லாரையும் மன்னித்துவிட்டார், அது அவருடைய குணம். எனக்கு அந்தப் பெருந்தன்மை வரவில்லை, வரவும் வேண்டாம். ஒருத்தி செத்துவிடுவாள் என்று நினைத்து அழ ஓடி வந்தவர்கள், அவள் பிழைத்துவிட்டாள் என்று சிரிக்க மட்டும் வராமல் போனதை இந்த ஊரில் ஒருவராவது மறக்காமல் வைத்திருக்க வேண்டும், அந்த ஆள் நானாகவே இருந்துவிட்டுப் போகிறேன்.